கிரியாட்டினின் குறைந்தால் மகிழ்ச்சிதானா? டயாலிசிஸ் நோயாளியின் உணவும் இதயமும்

சேத்தியாத்தோப்பில் நமக்கு நன்கு தெரிந்த பெரியவர் ஒருவர் இருந்தார். நீண்ட காலச் சர்க்கரை நோயால் இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்து, வாரம் இருமுறை வெளியூருக்குப் பஸ் ஏறிப் போய் டயாலிசிஸ் செய்துகொண்டிருந்தார். ஒருநாள் நோய் விசாரிக்கப் போயிருந்தபோது அவருடைய மகன் இரத்தப் பரிசோதனைத் தாளை நம் கையில் கொடுத்தார். "ஹஜ்ரத், அத்தாவுக்குக் கிரியாட்டினின் ஒன்பதிலிருந்து ஐந்துக்கு வந்துடுச்சு. கொழுப்பும் நல்லாக் குறைஞ்சிருக்கு. பத்தியம் கடுமையா இருக்கோம்ல, அதான்" என்றார். நாமும் அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லி, துஆச் செய்துவிட்டு வந்தோம்.

கட்டிலில் படுத்திருந்த பெரியவரின் சட்டை தோளிலிருந்து தொங்கியதையும், கன்னம் ஒட்டிப்போயிருந்ததையும் பார்க்கத்தான் செய்தோம். நோயாளி என்றால் மெலியத்தானே செய்வார் என்று நினைத்துக்கொண்டோம். சில மாதங்களில் அவர் மாரடைப்பில் வஃபாத்தாகிவிட்டார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

பின்னர் சிறுநீரக மருத்துவர் ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தபோது இதைச் சொன்னோம். அவர் கேட்ட முதல் கேள்வி, "அவர் என்ன சாப்பிட்டுக்கொண்டிருந்தார்?" என்பதுதான். அந்தக் கேள்விக்குள் எவ்வளவு இருக்கிறது என்பதை விளங்கிக்கொள்ள நமக்குச் சில காலம் பிடித்தது. டயாலிசிஸ் நோயாளி இருக்கும் ஒவ்வொரு குடும்பமும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் என்பதால் இங்கே எழுதுகிறோம்.

எண் ஏன் குறைந்தது?

கிரியாட்டினின் என்பது நம் தசைகளிலிருந்து உண்டாகும் கழிவு. சிறுநீரகம் நன்றாக இருந்தால் அதைச் சிறுநீரில் வெளியேற்றிவிடும். பழுதடைந்தால் அது இரத்தத்தில் தேங்கும். எனவே டயாலிசிஸுக்கு முந்தைய நிலையில் கிரியாட்டினின் ஏறுவது கெட்ட செய்தி, இறங்குவது நல்ல செய்தி. நம் குடும்பங்கள் ஆண்டுக்கணக்கில் இந்தக் கணக்கில் பழகிவிடுகின்றன.

டயாலிசிஸ் தொடங்கிய பிறகு கணக்கு மாறிவிடுகிறது. இப்போது கழிவை அகற்றும் வேலையை இயந்திரம் செய்கிறது. அதே டயாலிசிஸ், அதே நேரம், ஆனால் டயாலிசிஸுக்கு முன் எடுக்கும் கிரியாட்டினின் மாதாமாதம் இறங்குகிறது என்றால், பெரும்பாலும் அதை உண்டாக்கும் தசையே கரைந்துகொண்டிருக்கிறது என்று பொருள். கொழுப்பும் அப்படித்தான். சாதாரண மனிதருக்குக் கொலஸ்ட்ரால் குறைவது நல்லது. டயாலிசிஸ் நோயாளிக்குத் தானாகவே அது மிகவும் இறங்கினால், உடல் பட்டினி கிடக்கிறது அல்லது உள்ளே ஏதோ அழற்சி நடக்கிறது என்பதன் அடையாளமாக இருக்கலாம். டயாலிசிஸ் நோயாளிகளில் மெலிந்தவர்களைவிடச் சற்றுச் சதைப்பற்று உள்ளவர்களே அதிக காலம் வாழ்கிறார்கள் என்பதைப் பல நாட்டு ஆய்வுகள் கண்டிருக்கின்றன.

சியாட்டிலில் தொடங்கிய கதை

அமெரிக்காவின் சியாட்டில் நகரில் 1960-ஆம் ஆண்டு டாக்டர் பெல்டிங் ஸ்கிரிப்னர், நோயாளியின் கையில் நிரந்தரமாக ஒரு குழாயைப் பொருத்தி, திரும்பத் திரும்ப டயாலிசிஸ் செய்யும் வழியைக் கண்டார். அவருடைய முதல் நோயாளி கிளைட் ஷீல்ட்ஸ் என்பவர். சில நாட்களில் இறந்துவிடுவார் என்ற நிலையில் இருந்தவர், அதன்பின் 11 ஆண்டுகள் வாழ்ந்தார். 1971-இல் அவர் இறந்தது மாரடைப்பால். அடுத்த ஆண்டுகளில் அதே சியாட்டில் மருத்துவர்கள், தங்களிடம் நீண்ட காலம் டயாலிசிஸ் செய்துகொண்ட 39 நோயாளிகளின் நிலையைத் தொகுத்து 1974-இல் வெளியிட்டார்கள். இவர்களுடைய தமனிகள் சாதாரண மனிதர்களைவிட வெகு வேகமாகத் தடித்து அடைத்துக்கொள்கின்றன என்பதுதான் அதன் சாரம்.

நம் தமிழகத்தில் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் 1961-லேயே டயாலிசிஸ் நடந்திருக்கிறது. இன்று அது மாவட்டத் தலைநகரங்களுக்கும் அதற்குக் கீழும் வந்துவிட்டது. ஆனால் சியாட்டிலில் அன்று கண்ட உண்மை இன்றும் மாறவில்லை. டயாலிசிஸ் நோயாளிகளின் உயிரை அதிகம் பறிப்பவை இதயமும் இரத்தக் குழாய்களும் தொடர்பான நோய்களே. அதற்கு அடுத்துக் கிருமித் தொற்று.

சர்க்கரையும் இரத்தக் கொதிப்பும் இருப்பதால்தானே இதயம் பாதிக்கிறது என்று கேட்கலாம். அவையும் காரணம்தான். ஆனால் அவற்றைக் கொண்டு மட்டும் இந்த வேகத்தை விளக்க முடியவில்லை. 1999-இல் சுவீடன் நாட்டின் ஸ்டாக்ஹோமில் டாக்டர் பீட்டர் ஸ்டென்விங்கெலும் அவருடைய குழுவினரும், டயாலிசிஸ் தொடங்கும் நிலையை நெருங்கிய 109 சிறுநீரக நோயாளிகளைப் பரிசோதித்தார்கள். கழுத்துத் தமனியில் கொழுப்புப் படிவு எத்தனை பேருக்கு இருக்கிறது என்று பார்த்தபோது, ஆரோக்கியமானவர்களில் நூற்றுக்கு 32 பேருக்கும், இந்த நோயாளிகளில் நூற்றுக்கு 72 பேருக்கும் இருந்தது. இன்னொன்றும் தெரிந்தது. சத்துக்குறைவு, உடலுக்குள் அழற்சி, தமனி அடைப்பு ஆகிய மூன்றும் தனித்தனியாக வராமல் ஒன்றோடொன்று கைகோத்தே வந்தன. மறு ஆண்டு அவர்கள் இந்த மூன்றின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து 'எம்.ஐ.ஏ.' என்று பெயரிட்டார்கள்.

உமித்தீ போல ஒரு நெருப்பு

இந்த மூன்றில் நமக்குப் புதியது 'அழற்சி' என்ற சொல்தான். காலில் முள் குத்தினால் அந்த இடம் சிவந்து, சூடாகி, வீங்குகிறது. கிருமியோடு உடல் நடத்தும் போர் அது. நாலு நாளில் முடிந்துவிடும். டயாலிசிஸ் நோயாளியின் உடலில் இந்தப் போர் முடிவதே இல்லை. நெல் அரவை மில் பக்கம் கொட்டிக் கிடக்கும் உமிக் குவியலைப் பாருங்கள். மேலே சாம்பல் பூத்திருக்கும், உள்ளே கனன்றுகொண்டே இருக்கும். அப்படித்தான் இதுவும். காய்ச்சல் இருக்காது, வலி இருக்காது, நோயாளிக்கே தெரியாது.

இந்த நெருப்பு நான்கு வேலைகளைச் செய்கிறது. போரின்போது உடல் உற்பத்தி செய்யும் இரசாயனங்கள் மூளைக்குச் சென்று பசியைக் கெடுக்கின்றன. தசையைக் கரைத்து எரிபொருளாக்குகின்றன. கல்லீரல் அல்புமின் என்ற முக்கியப் புரதத்தைச் செய்வதைக் குறைத்துவிடுகின்றன. தமனியின் உட்சுவரையும் புண்ணாக்குகின்றன. புண்ணான சுவரில் கொழுப்பு படிகிறது. இரத்தத்தில் பாஸ்பரஸ் அதிகமாக இருந்தால் சுண்ணாம்புச் சத்தும் சுவரில் படிந்து, குழாய் இறுகிப்போகிறது. மெலிந்த உடலுக்குக் கிருமியை எதிர்க்கும் வலு குறைவு. அதனால் தொற்று எளிதாக வருகிறது. தொற்று வந்தால் நெருப்பு இன்னும் மூளுகிறது.

நெருப்பு எங்கிருந்து வருகிறது? சிறுநீரகம் வேலை செய்யாததே ஒரு காரணம். அது போக, நாம் கவனித்தால் கண்டுபிடித்துவிடக்கூடிய இடங்களும் உண்டு. கழுத்தில் போட்ட தற்காலிக டயாலிசிஸ் குழாய், ஆறாத கால் புண், சொத்தைப் பல்லும் ஈறு வீக்கமும், மறைந்திருக்கும் காசநோய், உடம்பில் தேங்கிய மிகை நீர், போதாத டயாலிசிஸ். கழுத்துக் குழாயோடு மாதக்கணக்கில் காலம் தள்ளுகிறவர்கள் நம்மில் பலர் இருக்கிறார்கள். "கையில் ஆபரேஷன் வேண்டாம், இதுவே இருக்கட்டும்" என்கிறார்கள். கையில் தமனியையும் சிரையையும் இணைத்துச் செய்யும் ஃபிஸ்டுலாவில் தொற்று ஏற்படும் வாய்ப்பு வெகு குறைவு. அது பழுத்துப் பயன்பாட்டுக்கு வரச் சில வாரங்கள் ஆகும். எனவே மருத்துவர் சொன்ன உடனே செய்துகொள்வதுதான் புத்திசாலித்தனம்.

மெலிவில் இரண்டு வகை

ஸ்டாக்ஹோம் மருத்துவர்கள் மெலிவை இரண்டாகப் பிரித்தார்கள். முதல் வகை, சாப்பாடு போதாததால் வருவது. இதில் அழற்சி அதிகம் இருக்காது. சரியான உணவும் போதிய டயாலிசிஸும் கொடுத்தால் உடல் தேறிவிடும். இரண்டாவது வகை, உள்ளே கனலும் நெருப்பால் வருவது. இதில் எவ்வளவு ஊட்டினாலும் உடம்பில் ஒட்டாது. முதலில் நெருப்பின் மூலத்தைத் தேடி அணைக்க வேண்டும். பலருக்கு இரண்டும் கலந்தே இருக்கும்.

இந்தப் பிரிவு வீட்டுக்கு ஏன் தேவை? "நல்லாத்தான் சாப்பிடுறார், ஆனா உடம்பு தேறலை" என்றால், சத்து மாவு டப்பாவை மாற்றிக்கொண்டிருக்காமல், பல்லையும் காலையும் கழுத்துக் குழாயையும் பார்க்கச் சொல்லி மருத்துவரிடம் போக வேண்டும். "சாப்பாடே இறங்கலை" என்றால் சாப்பாட்டிலிருந்து தொடங்க வேண்டும்.

பழைய பத்தியத்தை விட்டுவிடுங்கள்

நாம் பார்த்தவரையில் நம் குடும்பங்களில் நடக்கும் பெரிய தவறு இதுதான். டயாலிசிஸுக்கு முன்பு, சிறுநீரகத்தின் பாரத்தைக் குறைப்பதற்காகப் புரதத்தைக் குறைக்கச் சொல்லியிருப்பார்கள். முட்டை, மீன், கறி எல்லாம் நிறுத்தப்பட்டிருக்கும். டயாலிசிஸ் தொடங்கிய பிறகும் அந்தப் பழைய தாளையே குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டி வைத்துக்கொண்டு, காலையில் கஞ்சி, மதியம் ரசம் சோறு, இரவில் இரண்டு இட்லி என்று கொடுத்துவருகிறோம். அன்பினால்தான் செய்கிறோம். ஆனால் அந்த அன்பு நோயாளியைப் பட்டினி போடுகிறது.

கணக்குப் பாருங்கள். ஒவ்வொரு முறை இரத்த டயாலிசிஸ் செய்யும்போதும் கழிவோடு சேர்த்து 6 முதல் 12 கிராம் வரை அமினோ அமிலங்கள், அதாவது புரதத்தின் மூலப்பொருள்கள், வெளியேறிவிடுகின்றன. வயிற்றின் வழியாகச் செய்யும் டயாலிசிஸில் நாளொன்றுக்கு 5 முதல் 15 கிராம் வரை புரதம் போய்விடும். அதனால்தான் 2020-இல் வெளியான அமெரிக்கச் சிறுநீரக உணவு வழிகாட்டுதல், டயாலிசிஸ் நோயாளிக்கு எடையில் ஒரு கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் தினமும் வேண்டும் என்கிறது. 55 கிலோ உள்ளவருக்கு இது 55 முதல் 66 கிராம். மேலே சொன்ன கஞ்சிப் பத்தியத்தில் 20 கிராமைத் தாண்டினாலே அதிசயம்.

60 கிராமை எப்படிச் சேர்ப்பது? காலையில் மூன்று இட்லி, அதோடு இரண்டு முட்டையின் வெள்ளைக்கரு. மதியம் அளவான சோறும் 100 கிராம் மீனும். இரவில் மூன்று சப்பாத்தியும் சிறு கிண்ணம் கோழிக்கறியும். இவ்வளவுதான். வீராணத்து விராலோ, பரங்கிப்பேட்டையிலிருந்து வரும் கடல் மீனோ எதுவானாலும் சரி. கருவாடு மட்டும் வேண்டாம். அதன் உப்பு தாகத்தைக் கூட்டி, தண்ணீரைக் குடிக்கவைத்து, நெஞ்சில் நீர் கோக்கவைக்கும். முட்டையின் வெள்ளைக்கருவுக்குத் தனிச் சிறப்பு உண்டு. தரமான புரதம், பாஸ்பரஸ் மிகக் குறைவு, விலையும் குறைவு.

புரதம் கூடும்போது பாஸ்பரஸும் கூடும். அதற்காகத்தான் பாஸ்பரஸை ஈர்த்து வெளியேற்றும் மாத்திரை தருகிறார்கள். அதைச் சாப்பாட்டோடு சேர்த்து எடுத்தால்தான் பலன். வெறும் வயிற்றில் விழுங்கினால் வீண். கறுப்பு நிறக் குளிர்பானங்களிலும் பாக்கெட்டில் வரும் பதப்படுத்திய இறைச்சியிலும் சேர்க்கப்படும் பாஸ்பரஸ் உடம்பில் வேகமாக ஏறும். அவற்றை வீட்டுக்குள் விடாதீர்கள். காய்கறிகளை நறுக்கி, நிறைய தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சமைத்தால் பொட்டாசியம் குறையும்.

வாரம் இருமுறை மட்டும் டயாலிசிஸ் செய்பவருக்கு உணவு அளவில் மாற்றம் தேவைப்படலாம். இன்னும் ஓரளவு சிறுநீர் போகிறவருக்கும் அப்படியே. எனவே இந்தக் கணக்கை அப்படியே பின்பற்றாமல், உங்கள் மருத்துவரிடமோ உணவியல் நிபுணரிடமோ காட்டி, உங்கள் நோயாளிக்கான தாளைப் புதிதாக எழுதி வாங்குங்கள்.

தராசு ஏமாற்றும்

"எடை குறையலையே, அப்படியேதானே இருக்கு" என்று சிலர் ஆறுதலடைகிறார்கள். டயாலிசிஸ் நோயாளியின் எடையில் சதையும் உண்டு, தண்ணீரும் உண்டு. ஒவ்வொரு டயாலிசிஸின் முடிவிலும் மிகை நீரை எடுத்தபின் இருக்க வேண்டிய எடையை 'டிரை வெயிட்' என்பார்கள். இரண்டு கிலோ சதை கரைந்து, அந்த இடத்தில் இரண்டு கிலோ நீர் தேங்கினால் தராசு அதே எண்ணைத்தான் காட்டும். நோயாளியோ உள்ளே மெலிந்து, வெளியே ஊதி, இரவில் மூச்சுத் திணறி எழுந்து உட்காருவார். எனவே தராசை மட்டும் நம்பாமல் கண்ணையும் நம்புங்கள். மேல் கை மெலிகிறதா, கன்னப்பொட்டு குழிகிறதா, மோதிரம் கழல்கிறதா, உட்கார்ந்த இடத்திலிருந்து கை ஊன்றாமல் எழ முடிகிறதா என்று மாதம் ஒருமுறை பாருங்கள்.

நோய் விசாரிக்கப் போகிறவர்களுக்கு

நோயாளியைச் சந்திப்பது நம் மார்க்கம் வலியுறுத்தும் கடமை. வெறுங்கையோடு போகக்கூடாது என்று இளநீர், சாத்துக்குடி, வாழைப்பழம், பேரீச்சம்பழம் வாங்கிக்கொண்டு போகிறோம். இவை எல்லாமே பொட்டாசியம் மிகுந்தவை. பொட்டாசியம் அளவு மீறினால் இதயத் துடிப்பே நின்றுவிடலாம். அடுத்த முறை ஒரு டஜன் முட்டை வாங்கிப் போங்கள். கேட்கச் சிரிப்பாக இருக்கும், ஆனால் அதுதான் மருந்து.

ரமளானிலும் இதே எச்சரிக்கை தேவை. நாள் முழுதும் வெறும் வயிறாக இருந்துவிட்டு, இஃப்தாரில் பேரீச்சம்பழமும் உப்பிட்ட நோன்புக் கஞ்சியும் சர்பத்தும் ஒரே நேரத்தில் உள்ளே போவது இவர்களுக்குப் பேராபத்து. குணமாகும் வாய்ப்பில்லாத நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. ஒவ்வொரு நோன்புக்கும் பகரமாக ஓர் ஏழைக்கு உணவளிக்கலாம். "எல்லாரும் நோன்பு வைக்கிறாங்க, நான் மட்டும் எப்படி" என்று கலங்கும் பெரியவர்களிடம், அந்தச் சலுகையை ஏற்பதும் இபாதத்தே என்று குடும்பத்தார் எடுத்துச் சொல்ல வேண்டும்.

மருத்துவரிடம் கேளுங்கள்

மாதம் ஒருமுறை இந்தக் கேள்விகளை ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். அல்புமின் எவ்வளவு? 3.8-க்குக் கீழே இருந்தால் ஏன்? சி.ஆர்.பி. என்ற அழற்சிப் பரிசோதனை எடுக்கலாமா? டிரை வெயிட்டைத் திரும்பக் கணக்கிட வேண்டுமா? இரத்தத்தில் அமிலத்தன்மை கூடியிருக்கிறதா? கழுத்துக் குழாயை எப்போது எடுக்கலாம்?

"கொழுப்பு மாத்திரை போட்டால் இதயத்தைக் காப்பாற்றிவிடலாமே" என்றும் சிலர் கேட்பதுண்டு. ஜெர்மனியில் டயாலிசிஸ் செய்யும் சர்க்கரை நோயாளிகள் 1,255 பேரிடம் நடந்து 2005-இல் வெளியான ஆய்வில், அந்த நிலையில் புதிதாகத் தொடங்கிய கொழுப்பு மாத்திரை எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. இந்தத் தமனி நோய்க்குக் கொழுப்பு மட்டும் காரணமல்ல என்பதற்கு இதுவும் சான்று. அதற்காக, ஏற்கெனவே போட்டுவரும் மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, டயாலிசிஸைத் தவறவிடாதீர்கள். கழிவு தேங்கினால் பசி போகும். பசி போனால் மற்ற எல்லாமே தொடங்கிவிடும்.

ஜமாஅத்துகள் செய்யக்கூடியது

டயாலிசிஸ் கட்டணத்துக்கு இன்று ஓரளவு வழி இருக்கிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் உண்டு. மத்திய அரசின் தேசிய டயாலிசிஸ் திட்டம் 2016 முதல் இருக்கிறது. 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், வயிற்று வழி டயாலிசிஸ் செய்வோருக்கு அதற்கான பைகளை வீட்டிலேயே தருகிறார்கள். சென்னையில் 1993 முதல் டேங்கர் அறக்கட்டளை ஏழை நோயாளிகளுக்கு உதவிவருகிறது.

ஆனால் இயந்திரத்துக்கு வழி செய்தவர்கள் முட்டைக்கு வழி செய்யவில்லை. வாரம் இருமுறையோ மூன்று முறையோ நோயாளியும் துணைக்கு ஒருவரும் பஸ்ஸில் போய்வர வேண்டும். அன்று துணைக்குப் போகிறவரின் கூலியும் போகும். வீட்டில் மிஞ்சுவது கஞ்சிக்குத்தான் போதும். அந்தப் பெரியவரின் வீட்டில் மீன் வாங்காததற்குப் பத்தியம் மட்டுமே காரணமாக இருந்திருக்காது என்று இப்போது தோன்றுகிறது. நாம் அன்று கேட்கவில்லை.

நம் மஹல்லாவில் டயாலிசிஸ் செய்பவர்கள் எத்தனை பேர் என்று ஒவ்வொரு ஜமாஅத்தும் கணக்கெடுக்கட்டும். மொத்தத் தொகையாக ஒருமுறை கொடுத்துவிட்டு மறந்துவிடாமல், ஜகாத், ஸதகாவிலிருந்து மாதாமாதம் முட்டைக்கும் மீனுக்கும் பஸ் கட்டணத்துக்கும் ஒதுக்கட்டும். ஒரு வீட்டுக்குத் தினம் நான்கு முட்டை கொடுப்பது எந்த ஜமாஅத்துக்கும் பெரிய சுமையல்ல.

நோய் விசாரிக்கப் போகும்போது துஆவோடு ஒரு கேள்வியையும் சேர்த்துக்கொள்வோம்: "இன்று என்ன சாப்பிட்டீர்கள்?" அல்லாஹ் நம் நோயாளிகள் அனைவருக்கும் ஷிஃபாவையும், அவர்களைக் கவனிப்பவர்களுக்குப் பொறுமையையும் தெளிவையும் தந்தருள்வானாக. ஆமீன்.